பெட்டி அங்கேதான் இருக்கிறது

கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் எல்லா வீட்டிலும் சில வேலைகள் தானாக நடக்கும். ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று ஒருவர் காது கொடுப்பார். ஒருவர் மோட்டார் சுவிட்சைப் போய்ப் பார்ப்பார். வைஃபை வந்துவிட்டதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொஞ்ச காலமாகச் சில வீடுகளில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: "போட்டோ பெட்டி தெரியுதா?"

செருப்பு டப்பா அளவில், உள்ளே ஒன்றோ இரண்டோ ஹார்டு டிஸ்க்கோடு, ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டி அது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் 'நாஸ்' என்பார்கள். பென் டிரைவ் மாதிரி இதை எதிலும் செருக வேண்டாம். வீட்டு வைஃபையில் இருக்கும் போன், டிவி, லேப்டாப் எல்லாமே இருந்த இடத்திலிருந்து அதற்குள் போய்ப் படம் பார்க்கலாம். கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ம் தேதியோடு நின்று, எல்லாம் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும் என்று ஆனபோது, மாதாமாதம் பணம் கட்டுவதைவிட ஒரு பெட்டி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்த குடும்பங்கள் உண்டு.

திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டில் அந்த முடிவை எடுத்தவர் வீட்டுக்காரர். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பரணில் இருந்த ஆல்பங்களை இறக்கி, ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து, வருடவாரியாக ஃபோல்டர் போட்டு உள்ளே வைத்தார். கல்யாணப் படங்கள், மகளுக்குச் சமயபுரத்தில் மொட்டை போட்டது, ஊஞ்சலில் உட்கார்ந்து அவருடைய அம்மா பழைய கதை சொல்லும் வீடியோ, எல்லாம் அதில்தான்.

போன வருடம் திடீரென்று மாரடைப்பில் அவர் போய்விட்டார். பெட்டி மட்டும் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் நீல விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டிவியில் ஒரு ஃபோல்டரைத் திறந்து பார்த்துவிட்டுத் தூங்கப் போவது அந்த அம்மாவுக்கு வழக்கமாகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் இடியோடு மழை. கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் கருகிவிட்டது. பெட்டி சின்ன யுபிஎஸ்ஸில் இருந்ததால் தப்பித்தது. மறுநாளே இன்டர்நெட் கம்பெனியிலிருந்து ஆள் வந்து புது ரவுட்டர் மாட்டினார். வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் பழையதையே வைத்துக் கொடுத்தார். போனில் வாட்ஸ்அப் வந்தது, டிவியில் யூடியூப் வந்தது. ராத்திரி பார்த்தால் போட்டோ ஃபோல்டரை மட்டும் காணோம். போனில் இருந்த ஆப்பும் 'இணைக்க முடியவில்லை' என்றது.

முதல் வருஷத் திதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பெரிதாக்கி ஃப்ரேம் போட வேண்டிய படம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

ஊசியும் ஸ்க்ரூடிரைவரும்

இப்படிப்பட்ட நேரத்தில் யோசனை சொல்ல ஆள் பஞ்சமே இருக்காது. மாடி வீட்டுப் பையன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். "ஆன்ட்டி, பின்னாடி சின்ன ஓட்டை இருக்கு பாருங்க. ஊசியால அழுத்திப் பிடிச்சா ரீசெட் ஆயிடும்" என்றான். கம்ப்யூட்டர் கடைக்காரர், "டிஸ்க்கைக் கழட்டிக் கொண்டு வாங்கம்மா, சிஸ்டத்துல போட்டுப் பார்த்துடலாம்" என்றார்.

இரண்டு பேரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டிலும் ஆபத்து உண்டு.

அந்தச் சின்ன ஓட்டை பெட்டிக்குப் பெட்டி வேறு வேலை செய்யும். சிலவற்றில் பாஸ்வேர்டும் நெட்வொர்க் அமைப்பும் மட்டும் பழைய நிலைக்குப் போகும். எத்தனை நொடி அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தும் பலன் மாறும். தன் மாடலின் கையேட்டில் பார்க்காமல் ஊசியை எடுக்கக் கூடாது.

டிஸ்க் விஷயம் இன்னும் மோசம். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் லினக்ஸ் முறையில் டிஸ்க்கில் எழுதிவைக்கின்றன. அந்த எழுத்தை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. செருகியதும், 'இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?' என்று கேட்கும். பதற்றத்தில் இருப்பவர் 'சரி' என்று அழுத்திவிடுவார். அதுவரை பத்திரமாக இருந்த படங்களுக்கு அந்த நிமிடத்தில்தான் ஆபத்து வரும்.

நல்லவேளையாக, கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்கு அந்த அம்மா முதலில் போன் செய்தார்.

"அம்மா, எதையும் தொடாதே. நீல விளக்கு எரியுதா?"

"எரியுதுடி."

"டொக்கு டொக்குன்னு சத்தம் வருதா?"

"ஒண்ணும் இல்ல. எப்பவும் போல உர்ருன்னு ஓடுது."

"அப்போ பெட்டி நல்லாத்தான் இருக்கு. நமக்குத்தான் அங்க போற வழி தெரியல."

மகள் வங்கியில் வேலை பார்ப்பவர். கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. ஆனால் அவர் சொன்ன கடைசி வாக்கியத்தில் விஷயம் முழுவதும் இருக்கிறது. பெட்டி தெரியவில்லை என்றால் படங்கள் போய்விட்டன என்று அர்த்தமில்லை. படங்கள் டிஸ்க்கில் இருக்கின்றன. அங்கே போகும் வழியில் கரண்ட், கேபிள், ரவுட்டர், முகவரி, பாஸ்வேர்டு என்று பல படிகள். பெரும்பாலும் வழியில்தான் ஏதோ ஒரு படி விட்டுப்போயிருக்கும். அதனால் வழியை ஒவ்வொரு படியாகப் பார்த்த பிறகுதான் டிஸ்க்கில் கை வைக்க வேண்டும்.

தெரு மாறிவிட்டது

அன்று சாயங்காலம் மாடி வீட்டுப் பையன் லேப்டாப்போடு இறங்கி வந்தான். மகள் வீடியோ காலில் இருந்தார். முதலில் கேபிள். பெட்டியின் பின்னால் கேபிள் செருகும் இடத்தில் சின்ன விளக்கு மினுக்கியது. ரவுட்டர் பக்கமும் மினுக்கியது. ஆக, கம்பி வழியில் குறையில்லை.

அடுத்தது ரவுட்டர். பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்தால் தன்னிடம் முகவரி வாங்கியவர்களின் பட்டியலைக் காட்டும். அம்மாவின் போன், டிவி, பையனின் லேப்டாப் மூன்றும் இருந்தன. பெட்டி இல்லை.

கேபிள் சரியாக இருக்கிறது, ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. அதை வைத்துப் பையன் யோசித்தான்: "அப்போ பெட்டி ரவுட்டர்கிட்ட முகவரியே கேக்கல, ஆன்ட்டி. அங்கிள் கையாலயே ஒரு முகவரி போட்டு வெச்சிருக்கணும்."

வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு எண் கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகம் போன்ற தனி நெட்வொர்க்குகளுக்காக ஒதுக்கப்பட்டவை. வழக்கமான வீட்டு அமைப்பில் முதல் மூன்று எண் தெருப் பெயர் மாதிரி, கடைசி எண் கதவு எண் மாதிரி. ரவுட்டர் கொடுக்கும் எண் வாடகை வீடு போலத்தான், கெடு உண்டு. கரண்ட் போய் வந்தால் வேறு எண் கிடைக்கலாம். அப்போது போனில் இருக்கும் ஆப் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் வீட்டுக்காரர் பெட்டிக்கு நிரந்தரமாக ஒரு எண்ணைப் போட்டுவைத்திருந்தார். மூன்று வருடம் அது ஒழுங்காக வேலை செய்தது.

பழைய ரவுட்டரின் தெரு 192.168.0. புது ரவுட்டரின் தெரு 192.168.1. வைஃபை பெயர் மாறாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வீட்டில் எல்லாரும் புதுத் தெருவுக்குக் குடிபோய்விட்டார்கள். பெட்டி மட்டும் இல்லாத தெருவின் கதவு எண்ணோடு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் அந்த எண் என்ன? பாஸ்வேர்டு என்ன? பையனுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. தெரிந்தவர் இல்லை.

"அவர் எதையும் எழுதாம விடமாட்டாரே" என்று அந்த அம்மா பீரோவைத் திறந்தார். கேஸ் புக் செய்த தேதி, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய தேதி எல்லாம் குறித்துவைத்த பழைய டைரி இருந்தது. கடைசிப் பக்கத்தில் நீல மையில் 'போட்டோ பெட்டி' என்று தலைப்பு. அதன் கீழே 192.168.0.50. அடுத்த வரியில் பயனர் பெயர், பாஸ்வேர்டு.

அதற்குப் பிறகு வேலை அரை மணி நேரம்தான். பெட்டியின் கேபிளை ரவுட்டரிலிருந்து எடுத்து நேராக லேப்டாப்பில் செருகினார்கள். லேப்டாப்புக்குக் கையால் 192.168.0.10 என்ற எண்ணைக் கொடுத்துப் பழைய தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு 'பிங்' அனுப்பினான் பையன்.

பிங் என்பது நெட்வொர்க்கில் 'இருக்கிறாயா?' என்று குரல் கொடுத்துப் பார்க்கும் சின்ன நிரல். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த மைக் மூஸ் என்பவர் எழுதியது. சோனார் கருவி கடலுக்கடியில் ஒலி அனுப்பி, எதிரொலி வருகிறதா என்று பார்க்குமே, அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் வைத்தார். நாற்பது வருடம் தாண்டியும் நெட்வொர்க் வேலை செய்பவர்கள் முதலில் தட்டுவது அதைத்தான்.

திரையில் நான்கு வரி வந்தது. நான்கிலும் பெட்டியிலிருந்து பதில். "அங்கிள் பெட்டி பேசுது ஆன்ட்டி" என்றான் பையன்.

பிரவுசரில் 192.168.0.50 என்று அடித்ததும் பெட்டியின் பக்கம் திறந்தது. 'முகவரியை ரவுட்டரிடமே வாங்கிக்கொள்' என்று மாற்றிவிட்டு, கேபிளை மறுபடி ரவுட்டரில் செருகினார்கள். இப்போது பட்டியலில் நான்காவதாகப் பெட்டியின் பெயர் வந்தது. இந்தப் பெட்டிக்கு எப்போதும் இதே எண்தான் என்று ரவுட்டரிலேயே ஒதுக்கிவைக்கும் வசதி உண்டு. அதில் 192.168.1.50 என்று போட்டு, பெட்டியை ஒரு முறை அணைத்துப் போட்டார்கள். நாளைக்கு ரவுட்டர் மறுபடி மாறினால் இந்த ஒதுக்கீடும் போய்விடும். ஆனால் பெட்டி தானாகப் புது எண் வாங்கிக்கொண்டு பட்டியலில் நிற்கும், இப்படித் தனியாக மாட்டிக்கொள்ளாது. லேப்டாப்பையும் மறக்காமல் பழையபடி 'தானியங்கி'க்கு மாற்றினான் பையன். இல்லையென்றால் அவன் வீட்டில் அவனுக்கே நெட் வராது.

மற்ற வீடுகளில் வேறு காரணம் இருக்கலாம்

எல்லா வீட்டிலும் ரவுட்டர் கருகியிருக்காது. ஆனாலும் அறிகுறிகளை வைத்து வழியில் எந்தப் படி உடைந்திருக்கிறது என்று ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

ஒரே ஒரு போனில் மட்டும் தெரியவில்லையா? அந்த போன் மொபைல் டேட்டாவில் இருக்கிறதா, விருந்தாளிகளுக்கான 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கிறதா, விபிஎன் ஓடுகிறதா என்று பாருங்கள். கெஸ்ட் வைஃபையில் இருப்பவருக்கு வீட்டுக் கருவிகள் தெரியாமல் மறைப்பதுதான் வழக்கம்.

ஹாலில் ஒரு ரவுட்டர், மாடியில் இன்னொரு ரவுட்டர் வைத்திருக்கிறீர்களா? ஹாலில் தெரிவது மாடியில் தெரியாமல் போகலாம், அல்லது நேர்மாறாக. இரண்டும் தனித்தனித் தெரு நடத்துகின்றன என்று அர்த்தம். இரண்டாவதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றினால் வீடு முழுவதும் ஒரே தெருவாகிவிடும்.

பெட்டியின் எண் 169.254 என்று தொடங்குகிறதா? அது முகவரி கேட்டது, பதில் சொல்ல யாரும் இல்லை, அதனால் தானே ஒரு எண்ணை வைத்துக்கொண்டது. கரண்ட் வந்ததும் ரவுட்டர் எழுந்திருக்கும் முன்பே பெட்டி எழுந்துவிட்டால் இப்படி ஆகலாம். ரவுட்டர் முழுதாக வந்த பிறகு பெட்டியை முறைப்படி அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விட்டுவிட்டு வருகிறதா, அல்லது திடீரென்று மந்தமாகிவிட்டதா? கேபிளைச் சந்தேகப்படுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. முழு வேகத்துக்கு எட்டும் வேண்டும். எலி கடித்தோ, கதவிடுக்கில் நசுங்கியோ ஒன்று போனால்கூட வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறையலாம். கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் வீட்டைப் பெருக்கும்போது துடைப்பம் பட்டாலே தொடர்பு விட்டுப்போகும்.

போனில் திறக்கிறது, விண்டோஸ் கம்ப்யூட்டரில் மட்டும் திறக்கவில்லையா? பெட்டி பழையதாக இருக்கலாம். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் உலகம் முழுவதும் பரவியது, கோப்பு பகிர்வதற்கான பழைய எஸ்எம்பி முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதன் முதல் வடிவத்தை மைக்ரோசாஃப்ட் தானாக நிறுவுவதை நிறுத்தியது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, அடுத்த வடிவத்தை இயக்குவதுதான் சரியான வழி. பழைய ஓட்டையைத் திறந்துவிடுவது அல்ல. பாஸ்வேர்டை மாற்றிய பிறகு திறக்கவில்லை என்றால், விண்டோஸ் நினைவில் வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டை நீக்கிவிட்டுப் பாருங்கள்.

முதல் தடவை மட்டும் தாமதமா? டிஸ்க் தூங்கியிருக்கும். சுழன்று எழச் சில நொடிகள் ஆகும். கரண்ட் திடீரென்று போய் வந்த பிறகு டிஸ்க்கைப் பெட்டி தானே சரிபார்க்கும்போது மணிக்கணக்கில்கூட ஆகலாம். அந்த நேரத்தில் பொறுமையிழந்து சுவிட்சை அணைக்கக் கூடாது.

பயப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு: சிவப்பு விளக்கு, விடாத பீப் சத்தம், டிஸ்க்கிலிருந்து 'டொக், டொக்' ஒலி. அப்போது பெட்டியை முறைப்படி அணைத்துவிட்டு, டேட்டா மீட்புத் தெரிந்தவரிடம் போக வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் மிச்சமிருப்பதும் போகலாம்.

இன்னொருவருக்கும் தெரியட்டும்

தில்லைநகர் வீட்டில் திதிக்கு முன்பே படம் கிடைத்துவிட்டது. அவர் வேட்டி சட்டையில் பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு சிரிக்கும் படத்தைத்தான் அந்த அம்மா தேர்ந்தெடுத்தார். ஆனால் அந்த டைரிப் பக்கம் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி மகளை விடவில்லை.

பல வீடுகளில் பெட்டியை வைத்தவர் ஒருவர், பார்ப்பவர்கள் மற்ற எல்லாரும். வைத்தவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டாலோ, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாலோ, இல்லாமலே போய்விட்டாலோ, நீல விளக்கு எரியும் பெட்டிக்கு முன்னால் வீடு திகைத்து நிற்கும். நிலப் பத்திரம் எங்கே, இன்ஷூரன்ஸ் பாலிசி எங்கே என்று சொல்லிவைக்கிற மாதிரி இதையும் சொல்லிவைக்க வேண்டும். ஒரு தாளில் நான்கு விஷயம் போதும்: பெட்டியின் முகவரி, பயனர் பெயரும் பாஸ்வேர்டும், ரவுட்டருக்குள் போகும் பாஸ்வேர்டு, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற படம். அந்தத் தாள் பீரோவுக்குள் பூட்டியிருக்கட்டும். இருக்கும் இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்றையும் மகள் சேர்த்துச் செய்தார். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தாலும், ஒன்றில் இருப்பதே இன்னொன்றிலும் இருந்தாலும், அது டிஸ்க் பழுதுக்கு மட்டும்தான் பாதுகாப்பு. தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். திருட்டு, தீ, வெள்ளம் என்றால் பெட்டியோடு போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை வீட்டுக் கல்யாண ஆல்பங்கள் சேறாகிப் போயின! 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' என்ற பழைய மாடல் பெட்டிகளை இணையம் வழியாக யாரோ ரீசெட் செய்துவிட, உலகின் பல இடங்களில் மக்கள் தங்கள் கோப்புகளை இழந்தார்கள். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே.

திதி முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது மகள் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எல்லாவற்றையும் பிரதி எடுத்துப் புடவைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப்போனார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும்போது அதில் புதுப் படங்களைச் சேர்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

டைரியின் கடைசிப் பக்கத்தில் வீட்டுக்காரர் எழுதிய எண்ணை அந்த அம்மா அடிக்கவில்லை. அதற்குக் கீழே, தன் கையெழுத்தில், 'இப்போது 192.168.1.50' என்று எழுதி, தேதியும் போட்டுவைத்தார்.